ஊமைகளுக்கு மட்டும் சுதந்திரம்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்றைக்குப் பேச்சு மன்றத்துக் கூட்டத்தில் கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி, வீட்டுக்கு வருவதற்குள் அது அறுந்தே போய்விட்டது.

நெருக்கடி நிலை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காரைக்காலில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் நடக்கும் அந்தக் கூட்டத்துக்கு நானும் தங்கையும் தவறாமல் போவோம். தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. கேட்காதவளுக்கு அங்கே என்ன வேலை என்று, காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்கள் தெருவே கேட்கும். அவளுக்கு ஆட்கள் பேசுவதைப் பார்க்கப் பிடிக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து, யார் கையை ஆட்டுகிறார், யார் புளுகும்போது மூக்கைத் தடவுகிறார் என்றெல்லாம் கவனித்து வைத்து, வீட்டில் அத்தனை பேரையும் நடித்துக் காட்டுவாள். வேலையில்லாமல் சும்மா சந்தோஷத்துக்காக அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து போன ஒரே இடம் அதுதான்.

அன்றைக்குத் தலைப்பு பேச்சுச் சுதந்திரம். பேசியவர் எங்களுக்கு வேண்டியவர். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். தங்கைக்குத் தையல் வேலை பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான். நெருக்கடி நிலையின்போது டீக்கடையில் ஏதோ கிண்டலாகச் சொன்னதற்காக அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். இப்போது மேடை கிடைத்துவிட்டது, மனுஷர் விடுவாரா.

“இந்த ரெண்டு வருஷமும் நாட்டுல முழு சுதந்திரத்தோட இருந்தது யாரு தெரியுமாங்க? ஊமைங்கதான். என்ன பேசினேன்னு எந்தப் போலீஸும் அவங்களக் கேக்க முடியாது.”

கூடமே சிரித்தது. சிரித்த பிறகுதான் சில பேருக்கு நினைவு வந்து முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையும் பின்னால் திரும்பி, எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள். நான் கைப்பை வாரை முறுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, என்ன என்று புருவத்தால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர் கடைக்குப் போய், அந்த ஜோக் நன்றாக இல்லை என்றேன்.

“என்ன டீச்சர், நான் அரசாங்கத்தத்தானே சொன்னேன். உங்க தங்கச்சியச் சொல்லலையே,” என்றார் கடைக்காரர்.

“அவளத்தாண்ணே எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.”

அவர் முகம் மாறியது. “ரெண்டு வருஷம் அவங்க வாயப் பொத்துனாங்க. இப்ப நீங்க பொத்த வந்திருக்கீங்களா?”

“நான் எங்கண்ணே பொத்துனேன்? சொன்னது அசிங்கமா இருந்துச்சுங்கிறேன். சொல்றதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குன்னா, நல்லால்லேன்னு சொல்றதுக்கு எனக்கு இல்லையா?”

சிரித்துவிட்டுப் போக வேண்டியதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று முனகிக்கொண்டே அவர் வேறொருவருக்குத் துணி கிழிக்கப் போய்விட்டார். வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். நல்ல நல்ல பதிலெல்லாம் அப்போதுதான் வந்தது. தங்கை அங்கே இல்லாதிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேனோ என்ற சந்தேகம் வேறு நடுவில் புகுந்து அரித்தது. அந்த மாதம் முழுக்க எதிலும் மனசு ஒட்டவில்லை.

அடுத்த கூட்டம் நெருங்கியபோது தங்கை வரமாட்டேன் என்று சைகை காட்டிவிட்டாள். என்னைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்று நீ சொல்லாதவரை அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றாள்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். எங்கள் வீட்டுக் கைப்பேச்சில் போலீஸ் என்றால் தலைமேல் வட்டமாகத் தொப்பி வைத்துக் காட்டுவது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து எங்கள் புதுச்சேரிப் போலீஸ் போடும் சிவப்புத் தொப்பி. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் மாயவரம் போனால் அந்தச் சைகை யாருக்கும் விளங்காது. தொப்பி வைத்தேன், அவள் வாயைக் காட்டினேன், பிடிக்க மாட்டார்கள் என்று கையை விரித்தேன்.

அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கையை வெட்டுவதுபோல் வீசி, பொய் என்றாள். தன் தலைமேல் இரண்டு முறை தொப்பி வைத்தாள். பிறகு தன் மணிக்கட்டைத் தானே இறுகப் பிடித்துக் காட்டினாள்.

முந்தின வருஷம் நடந்ததைக் கையாலேயே சொன்னாள். தைத்த துணியைப் பக்கத்தில் திருமலைராயன்பட்டினத்தில் கொடுக்கப் போனபோது, கடல்வழியாக வந்த கள்ளச் சரக்கோ என்று சந்தேகப்பட்டு இரண்டு போலீஸ்காரர்கள் அவளை மறித்திருக்கிறார்கள். மூட்டை யார் கொடுத்தது என்று கேட்டால் பதில் இல்லை. நடிக்கிறாள் என்று நினைத்து இருட்டும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்த மீன்காரம்மா ஒருத்தர் பார்த்துச் சொன்ன பிறகுதான் விட்டார்களாம். எங்களிடம் பஸ் தவறிவிட்டது என்றிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அப்புறம் தனியாக வாசலைத் தாண்ட விடமாட்டாள் என்று அத்தனை நாளும் மறைத்திருக்கிறாள்.

என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனாள். அவள் கையால் சொல்லச் சொல்ல நான் வாயால் சொன்னேன். கடைக்காரர் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார்.

“வர்ற கூட்டத்துலயே மன்னிப்புக் கேட்டுக்கிறேம்மா,” என்றார்.

அவள் வேண்டாம் என்றாள். ஜோக்கைத் திருத்திச் சொல்லச் சொன்னாள். அம்மா காதுக்குப் போய்விடுமே என்று நான் தடுத்தேன். போகட்டும் என்றாள்.

அந்த ஞாயிறு அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“போன தடவ தப்பாச் சொல்லிட்டேங்க. என்னையப் பேசினதுக்குப் பிடிச்சாங்க. நம்ம பக்கத்துலயே ஒரு பொண்ணப் பேசாததுக்குப் பிடிச்சாங்க.”

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை நான் கையால் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் அவள் மட்டும் தோள் குலுங்கச் சிரித்தாள்.