ஆளுக்கு இரண்டு மெமரி

தொண்ணூறுகளில் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அக்காவுக்காக வந்தது. பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் பழகிப் பரீட்சையில் தேறினால் ஆபீஸ் வேலை. இல்லாவிட்டால் புக்கிட் ரம்பாய் பேக்டரி. அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அப்பா கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர். எதையும் ஆள் கணக்கில்தான் அளப்பார். முந்நூறு பேர் என்றால் இத்தனை அரிசி, இத்தனை பருப்பு. ஒரு கைப்பிடி கூடாது, குறையாது.

அப்பாவோடு அக்காவும் நானும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர். தமிழ் பேசுவார். மெமரி எட்டு எம்பியா, பதினாறா என்று கேட்டார். அக்காவுக்குப் பதினாறு வேண்டும். எட்டு என்றால் பாடம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். கடையில் விலையைப் பார்த்ததும் வாய் திறக்கவில்லை.

"எட்டு எத்தனை பேருக்குக் காணும்?" என்றார் அப்பா.

"அண்ணே, இது சோறு இல்லலா!" தவுக்கே சிரித்தார்.

"ஆளுக்கு ரெண்டு வச்சா போதுமா? அதச் சொல்லு."

"சரிலா, போதும். வீட்ல எத்தன பேரு?"

"அஞ்சு."

நான் விரல் விட்டு எண்ணினேன். அப்பா, அம்மா, அக்கா, நான். அண்ணன் போன வருஷமே அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டான். இனி இந்த வீட்டில் அவனுக்கு இலை கிடையாது என்று சொன்னவர் அப்பாதான்.

"நாலு பேருதானேப்பா? நாலு ரெண்டு எட்டு. எட்டே போதும்."

அக்கா என் கையைக் கிள்ளினாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"அஞ்சு பேரு. எட்டு பத்தாது. பதினாறு போடு."

பஸ்ஸில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். பிறகு பரீட்சையில் தேறினாள். மெமரியை ஆள் கணக்கில் அளக்க முடியாது என்று அவளுக்கு அன்றே தெரியும். சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் நேரே அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அப்பாவுக்குக் கணக்கே மறந்துபோச்சு. நம்ம வீட்ல அஞ்சு பேருன்னு கடையில சொல்றாரு."

"அஞ்சுன்னா சொன்னாரு? அவர் வாயாலயா?"

"ஆமா. ரெண்டு வாட்டி."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணக்குத் தப்பினதற்குப் போய் அழுகிறாளே என்று நினைத்தேன்.