நிறம் நிற்காத கிணறு

ஆந்திரா தனி மாநிலமாகியும், எங்கள் பக்கத்தில் எந்த ஊர் யாருக்கு என்ற இழுபறி ஓயாத காலம். திருப்பதியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தற்காலிக வேலைதான். எல்லை முடிவானால் என்னை வைத்துக்கொள்வார்களா, மதராஸ் பக்கம் போகச் சொல்வார்களா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. தினம் காலையில் எழும்போதே பெட்டியைக் கட்டவேண்டியிருக்குமோ என்ற நினைப்போடுதான் எழுவேன்.

ஆய்வகத்துக்குள் போனால் கொஞ்சம் நிதானம் வரும். மாணவிகளுக்கு நான் முதலில் செய்து காட்டுவது பொட்டாசியம் பெர்மாங்கனேட் சோதனை. பார்க்க ஏறக்குறையக் கறுப்பான படிகம். தண்ணீரில் கரைந்தால் நல்ல ஊதா. அமிலம் கலந்து சூடாக்கிய ஆக்சாலிக் கரைசலில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த நிறம் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு அந்த உப்பு நிறமிழந்துவிடும். கொடுப்பதற்கு எதிரே எதுவும் மிச்சமில்லை என்றான பிறகு விழும் ஒரு சொட்டில், குடுவை முழுக்க லேசான ரோஜா நிறம் வந்து நின்றுவிடும். அதுதான் முடிவு.

அப்படி ஒரு வகுப்பின் நடுவில்தான் நகரியிலிருந்து ஆள் வந்தது. அக்காள் வாழ்க்கைப்பட்ட நெசவுத் தெருவில் வாந்திபேதி. தெருக்கோடி வீட்டில் ஒரு மருமகள் இறந்துவிட்டாள். அக்காளோ நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கிணறுகளுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் கேட்டுப் போனவர்களிடம் சுகாதார ஆபீசில், எல்லை விவகாரத்தில் ஆட்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்களாம்.

எங்கள் துறைத் தலைவி அம்மாள் ஒரு சீசா பெர்மாங்கனேட் எடுத்துக் கொடுத்தார். பிளீச்சிங் பவுடர்தான் நல்லது, அது வரும்வரை இதைப் போடு, சாயங்காலம் போட்டால் விடிகிறபோதும் நிறம் தெரியவேண்டும், குடிப்பதைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொல் என்றார். ரேணிகுண்டாவில் வண்டி மாறினேன். ரயில் பெட்டியில் திருத்தணி யாருக்கு என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு உட்காரவே முடியவில்லை. புத்தூர் தாண்டியதிலிருந்து கதவோரமே நின்றேன்.

அக்காள் நன்றாக இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறுதான் அந்த வரிசைக்கே குடிதண்ணீர். அக்காள் கணவரான மாமாவின் சாயக் கொட்டகை அதை ஒட்டி இருந்தது. அதற்கப்பால் தெருச் சாக்கடை. மருந்தை வாளியில் கரைத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்கினேன். தண்ணீர் ஊதாவாக மாறியதைப் பார்த்த பெண்கள் குடத்தோடு பின்வாங்கினார்கள். தெருவைத் தாண்டி நிலத்தில் இருந்த தெலுங்குக் குடும்பத்தின் கிணற்றுக்கும் போனேன். அந்த வீட்டம்மாள் நிறையக் கேள்வி கேட்டார். தெலுங்கிலேயே பதில் சொன்னதும் போடவிட்டார்.

இருட்டுவதற்குள் எங்கள் கிணற்றில் நிறம் போய்விட்டது. பழுப்பாக ஏதோ மிதந்தது. மறுபடி கரைத்து ஊற்றினேன். விடிந்து பார்த்தால் மறுபடியும் ஒன்றுமில்லை. இன்னும் ஊற்றினேன். அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அக்காள் கூப்பிட்டது எதுவும் காதில் விழவில்லை. நிலத்துக் கிணற்றில் போய் ஒரு செம்பு இறைத்துப் பார்த்தேன். முந்தின சாயங்காலம் போட்டது, லேசான ரோஜா நிறத்தில் அப்படியே நின்றது.

திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, இந்தத் தண்ணிய இனிமே யாரும் குடிக்கக் கூடாது.”

மாமா நூலைப் பிழிந்துகொண்டிருந்தார். “சாயத் தண்ணி ஊறி இருக்கும்மா. அது உன் மருந்த துன்னுகினு இருக்குது. அதுக்கும் பேதிக்கும் இன்னா சம்பந்தம்?”

அவர் சொன்னது தவறில்லை. சாயத்தில் போடுகிற சரக்கும் பெர்மாங்கனேட்டின் நிறத்தை எடுத்துவிடும். சாக்கடையா சாயமா என்று அந்த உப்பு எனக்குச் சொல்லாது.

“உங்க சாயத் தொட்டித் தண்ணி கிணத்துக்கு வருதுன்னா, பக்கத்துல போற சாக்கடையும் வரும் மாமா.”

அவர் மறுபடி நூலைப் பிழியத் தொடங்கினார். அந்தக் கிணறு அவருடைய அப்பா வெட்டியது. தெருவே அதில் இறைத்துக் குடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அப்போது அக்காள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள்.

“கயித்த அவுத்துடுங்க,” என்றாள்.

 மாமா கையைத் துடைத்துக்கொண்டு போய் உருளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

நிலத்து வீட்டம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. நோய் வந்த தெரு தன் கிணற்றில் வாளி இறக்கினால் தன் வீட்டுக்கும் வந்துவிடுமே என்று பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கடைசியில், எங்கள் வாளி எதுவும் இறங்காது, அவர்கள் வீட்டு ஆள் இறைத்து எங்கள் குடங்களில் ஊற்றட்டும் என்று பேசி முடித்தோம். நான் வீடு வீடாகப் போய்க் கொதிக்கவைக்கச் சொன்னேன். விறகு யார் கொடுப்பது என்று சிலர் கேட்டார்கள். கிணற்றைக் கெடுத்தவள் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

அதற்குப் பிறகும் இரண்டு பேர் படுத்தார்கள். மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனோம். ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை. அதோடு நின்றது. பிளீச்சிங் பவுடரும் வந்து சேர்ந்தது. மருந்தால் நின்றதா, கிணறு மாறியதால் நின்றதா, தானாகவே ஓய்ந்ததா என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

மாமா கிணற்றைப் பலகைக் கல் போட்டு மூடினார். நான் திருப்பதி திரும்பும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காளுக்குப் பெண் பிறந்த சேதி வந்தபோது வகுப்பைத் தோழியிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். நகரியில் இறங்கியபோது மாமாவே வந்து நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, “நட்ட நடுவுல நிக்காத, வெளிய நிக்கிற வண்டி பூடும், வா,” என்றார்.

பின்னால் திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. திருப்பதியில் என் வேலையும் நிரந்தரமாயிற்று. ஆனால் அந்த உத்தரவு கைக்கு வந்த பிறகும் நெடுநாள், காலையில் எழுந்ததும் என் கண் முதலில் பெட்டியைத்தான் தேடும்.