அடுப்படி டிரிப்பர்

என் மாமா ஒயர்களிடம் கண்டிப்பானவர். மனிதர்களிடம் அந்தக் கண்டிப்பு செல்லாது, அதிலும் என் அம்மாவிடம் சுத்தமாகச் செல்லாது. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த கடைசித் தம்பி அவர். திருத்தணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் அவர் கைவேலைதான். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் செய்திருந்தார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் ஒரு கூட்டம் வருடந்தோறும் எங்கள் வீட்டில்தான் தங்கும். சித்தூர்ப் பக்கத்துக்காரர்கள். உறவில்லை, ஆனால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம். விரதக்காரர்கள் என்பதால் முந்தின நாள் அரைத்த மாவு அவர்களுக்கு ஆகாது. இட்லி, தோசை என்று ஒப்பேற்ற முடியாது. அன்றன்றைக்கு அரைத்த மாவில் அடையும் வடையும் செய்தாக வேண்டும்.

அந்த வருடம் கூட்டம் பெரிது. அடுப்படியில் கிரைண்டர் ஒரு பக்கம், சட்னிக்கு மிக்சி ஒரு பக்கம், வயதானவர்கள் குளிக்க வாளியில் ஹீட்டர் ராடு ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்து ஓடியதும் லோடு தாங்காமல் கரண்டை நிறுத்தும் டிரிப்பர் சுவிட்ச் டப்பென்று விழுந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கிவிட்டோம். மறுபடி விழுந்தது. கிரைண்டரில் பருப்பு பாதி அரைபட்டு நின்றது. வந்தவர்கள் பசியோடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்குப் போயிருந்தார். அம்மா மாமாவுக்கு போன் போட்டாள்.

மாமா வந்து சுவிட்ச் பலகையைத் திறந்து பார்த்தார்.

"யக்கா, டிரிப்பர் நல்லாத்தான் கீது. செவுத்துக்குள்ள ஓடறது ஒன்றர ஒயரு, மெல்லிசு. அதுக்கு ஏத்த மாதிரி பத்து ஆம்ஸ் போட்டிருக்கேன். ஒயரு சூடாவறதுக்குள்ள இது வுழுவணும், அதான் இதோட வேல. ஒண்ணு ஓடி முடிஞ்சதும் இன்னொண்ணப் போடு."

"விரதம் இருந்து வந்தவங்கள பட்டினி போட்டுகினு நான் ஒண்ணொண்ணா போடணுமா? உம் பொண்டாட்டி வூட்டு ஆளுங்கன்னா இப்டி பேசுவியாடா?"

கேட்டுவிட்டு அம்மா அழ ஆரம்பித்தாள். மாமா பலகையை மூடினார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய் முப்பத்திரண்டு ஆம்ஸ் டிரிப்பர் ஒன்று வாங்கி வந்து மாட்டினார்.

"கிருத்திக முடியற வரைக்கும்தான்க்கா. அப்பறம் செவுத்த ஒடச்சி தடி ஒயரா இழுத்துடறேன். நீ வேணான்னு சொல்லக் கூடாது."

"ஆங், சரி" என்றாள் அம்மா. கிரைண்டர் ஓடியது. பிறகு டிரிப்பர் விழவே இல்லை. அம்மா அழுதால் கரண்டு கூடக் கட்டுப்படும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கிருத்திகை முடிந்தது. மாமா உளியும் சுத்தியலுமாக வந்தார். சுவருக்கு இப்போதுதான் பெயிண்ட் அடித்தது என்று அம்மா திருப்பி அனுப்பினாள். அடுத்த தடவை வந்தபோது விருந்தாளிகள் இருந்தார்கள், அதற்கடுத்து வெள்ளிக்கிழமை. ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யார்தான் உடைப்பார்கள்? டிரிப்பர் விழாததைக் கண்டு கரண்டு அடுப்பு வேறு வாங்கி அதே லைனில் போட்டோம். மாமா வரும்போதெல்லாம் கிரைண்டருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன். கதகதப்பாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே ஒரு மத்தியானம் சுவர் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் டப்பாக்கள் உருகி ஒழுகின. பக்கத்து வீட்டுக்காரர் மெயினை இழுத்துவிட்டு மண்ணை வாரிக் கொட்டினார். உயிருக்கு ஒன்றுமில்லை. அடுப்படி மட்டும் கரியாய்ப் போனது.

நைனா வேலையிலிருந்து ஓடி வந்தார். வாசலில் தெருவே நின்றது. அவருக்கு முன்னாலேயே மாமா வந்து கருகின பலகையடியில் நின்றிருந்தார்.

"யார்றா இங்க முப்பத்திரெண்ட மாட்டனது?"

"நான்தான் பாவா. கவனமில்லாம மாட்டிட்டேன்."

"சொந்த அக்கா வூட்டயே கொளுத்திட்டியே, இனிமே ஊர்ல எவன்டா உன்ன கூப்பிடுவான்!"

ஆத்திரத்தில் சொன்னதுதான், ஆனால் அப்படியே பலித்தது. தெரு முழுக்கக் கேட்டிருந்ததே. அடுத்த தெருவில் ஒரு பல்பு மாட்டக்கூட மாமாவைக் கூப்பிடவில்லை. இன்றைக்கும் அவர் தினம் ரயிலேறி அரக்கோணத்துக்குப் போய் ஒரு பேக்கரியில் பன்னும் பிஸ்கட்டும் கட்டிக்கொடுக்கிறார். அந்தக் கைகள் வேறு வேலைக்கானவை என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அன்றைக்கு நைனா கத்திக்கொண்டிருந்தபோது அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இல்லீங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். மாமா அவளைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அம்மா நிறுத்திக்கொண்டாள். அக்காவை அழாதே என்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.