முப்பதுக்கு இரண்டு குறைவு

ராமநாதபுரத்தில் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளுக்கு அடிப்படைப் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். "முப்பது பேராவது இல்லாம ஆய்வுன்னு எங்கிட்ட வராதீங்க" என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன்.

கடலில் கணவனைப் பறிகொடுத்த பாம்பன் பெண்களைப் பற்றி ஆய்வு செய்தான் கண்ணன். இருபத்தெட்டுப் பேர்தான் கிடைத்தார்கள். அந்த வாரம் பாம்பனிலிருந்து போன ஒரு வள்ளம் சூறைக்காற்றில் சிக்கித் திரும்பி வரவில்லை. அதிலிருந்த இருவரில் ஒருவர், அவனோடு படிக்கும் ஸ்டெல்லாவின் அப்பா.

மூன்றாம் நாள் கண்ணன் என் அறைக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அந்த வள்ளம் கரை சேந்துருச்சு சார். இனி முப்பதுக்கு எங்க போறது? இருபத்தெட்ட வச்சு ஒப்பேத்திரலாமா?"

வெளியே போடா என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா லட்டுப் பெட்டியோடு உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வள்ளம் வந்துருச்சா, வந்துருச்சான்னு எங்க தெருவுக்கே போன் பண்ணி விசாரிச்சியாமே கண்ணா. எங்க அய்யா உன்னய வீட்டுக்குக் கூட்டியாரச் சொன்னாக. ரெண்டா எடுத்துக்க."

அவன் கொஞ்சமும் கூசாமல் இரண்டு எடுத்துக்கொண்டான்.

பிறகு அவள் பெட்டியை என் பக்கம் நீட்டினாள். முப்பது என்று அவன் மண்டையில் ஏற்றிய நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். இன்றும் லட்டைக் கண்டால் அவன்மேல் அருவருப்பு வருகிறது. ஆனால் அது அவனோடு நின்றுவிடுவதில்லை.