பெரிய மாப்பிள்ளை கைவைத்த பத்து எபிசோடுகள்

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இருவருக்கும் தொழில் ஒன்றுதான், எடிட்டிங். பெரிய மாப்பிள்ளை சினிமாவுக்கு வெட்டினார். சின்ன மாப்பிள்ளை டிவி தொடருக்கு வெட்டினார். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பெரியவர் நாலு வருடம் தலைநிமிர்ந்து நடந்தார். ஆனால், அந்த நிமிர்வை அவரைத் தவிர வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பது வருடத்தில் பதினோரு படம். அதில் இரண்டு நன்றாக ஓடின. ஒன்றைப் பற்றி ஒரு பத்திரிகை அரைப் பக்கம் எழுதி, அதில் அவர் பெயரை ஒரு எழுத்து மாற்றிப் போட்டது. மற்றவை வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விட்டன. சின்னவர் செய்தது ஒரே ஒரு தொடர். நாலு வருடமாக ஓடுகிறது. ஏழு வயதில் தன்னை விட்டுவிட்டுப் போன அப்பாவை மறக்க முடியாமல், பூட்டு ரிப்பேர் கடை நடத்தும் ஒரு பெண்ணின் கதை. மாலை ஏழரை மணிக்கு அது தொடங்கினால் தெருவில் நாய்கூடக் குரைக்க யோசிக்கும்.

பெரியவருக்கு வயிறு எரிந்தது. அவர் அதைப் பொறாமை என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. தரத்தைப் பற்றிய கவலை என்று சொல்லிக்கொண்டார்.

முடிதிருத்தும் கடைக்காரர்தான் அந்தக் கவலையை முதலில் கிளறிவிட்டவர். ஆறு வருடமாக அவரிடம்தான் பெரியவர் தலையைக் கொடுக்கிறார். ஒருநாள் சீப்பும் கையுமாக அவர் கேட்டார்: "அந்தப் பூட்டுக்கடைத் தொடர் பண்றது உங்க சகலையாமே? என்கிட்ட சொல்லவே இல்லையே சார்! அந்தப் பொண்ணோட அப்பா திரும்பி வருவாரா மாட்டாரா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியாது. நான் அதெல்லாம் பாக்குறதில்ல."

"அப்படியா? ஆமா, நீங்க என்ன வேலை பண்றீங்க சார்?"

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தபோது, இடப்பக்கக் கிருதா வலப்பக்கத்தைவிட ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. கடைக்காரரின் நினைப்பெல்லாம் பூட்டுக்கடையில் இருந்திருக்கிறது.

மாமியார் வீட்டில் ஞாயிறு மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அங்கே பேச்சு எங்கே தொடங்கினாலும் தொடரில் போய் நிற்கும். ஒரு ஞாயிறு பெரியவரால் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, சினிமாங்கிறது விளக்க அணைச்சு, ஆள உக்கார வச்சு, 'இதைப் பாரு'ன்னு காட்டுறது. சீரியல்ங்கிறது நீங்க வெங்காயம் நறுக்கும்போது பின்னாடி யாரோ கத்திக்கிட்டே இருக்கிறது. ஒரு பொம்பள அதிர்ச்சியானா அவ மூஞ்சிய மூணு தடவ காட்டுறாங்க. நாங்க ஒரு ஃப்ரேமுக்கு ஒரு நாள் உக்காருவோம். அதுல கை வச்சா நான் கைய சோப்பு போட்டுக் கழுவணும்."

சின்னவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதரிடம் பெரியவருக்குப் பிடிக்காததே அதுதான். என்ன சொன்னாலும் கோபம் வராது.

மாமியார்தான் விடவில்லை. "நீங்க சொல்றது சரிதான் மாப்பிள்ளை. உங்க படம் பாக்க நல்லாத்தான் இருக்கு, போட்டோ மாதிரி. ஆனா போன படத்துல ஒரு பொண்ணு வந்தா. ரெண்டு மணி நேரத்துல காதலிச்சா, கல்யாணம் பண்ணா, செத்தும் போனா. எனக்கு அவ பேரு மனசுல பதியறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டீங்க. எங்கிருந்து அழுறது? பூட்டுக்கடைப் பொண்ண எனக்கு நாலு வருஷமா தெரியும். அவளுக்குத் தலைவலின்னா எனக்கு மாத்திரை தேடணும் போல இருக்கு."

பெரியவரிடம் பதில் இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்த மனைவியே தலையாட்டியதைப் பார்த்ததும் அவர் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் சின்னவருக்குக் குடல்வால் வீங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு வாரம் அசையக்கூடாது. தொடரோ வாரத்துக்கு ஐந்து நாள் வெளிவர வேண்டும். பெரியவருக்கு அப்போது கையில் வேலை இல்லை. அவர் வெட்டிக்கொண்டிருந்த படத்தின் கதாநாயகன் வேறு ஒரு படத்துக்காகத் தாடி வளர்த்துவிட்டான். அந்தத் தாடி தன் கடமையை முடித்துக்கொண்டு இறங்கும்வரை படப்பிடிப்பு கிடையாது.

மச்சினி வந்து கேட்டாள். மனைவியும் கேட்டாள். பெரியவர் ரொம்ப யோசிப்பதுபோல் ஜன்னலைப் பார்த்தார். உள்ளுக்குள் ஒரு குரல் துள்ளியது: போய்க் காட்டு, தரம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியட்டும்.

"பண்றேன். ஆனா என் பேரு எங்கயும் வரக்கூடாது. யாருக்கும் தெரியக்கூடாது. அத்தைக்குக்கூட."

"ஏங்க, அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன?"

"அத்தைக்குத்தான் முக்கியமா தெரியக்கூடாது."

தொடரின் எடிட்டிங் அறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஏசிக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். நாற்காலியின் ஒரு கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது. இதில் உட்கார்ந்தா இத்தனை பெயர் வாங்கினான் என்று நினைத்தபோது, பெரியவருக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதல் நாள் வேலையை மூன்று மணிக்கே முடித்தார். இயக்குநர் அம்மா கழுத்தில் ஒன்றும் நெற்றியில் ஒன்றுமாக இரண்டு கண்ணாடியோடு வந்து பார்த்தார்.

"சார், நல்லா இருக்கு. ஆனா பத்தொன்பது நிமிஷம்தான் இருக்கு. எனக்கு இருபத்திரண்டு வேணும். மூணு நிமிஷம் எங்க?"

"அது தேவையில்லாத இடம். ஒரே மூஞ்சி திரும்பத் திரும்ப வருது. வெட்டிட்டேன்."

இயக்குநர் அம்மா கோபப்படவில்லை. "சார், அந்த மூணு நிமிஷத்துலதான் வீட்ல ஒருத்தங்க எழுந்து போய் அடுப்ப அணைப்பாங்க. ஒருத்தங்க கதவு தட்டுற சத்தம் கேட்டுப் போவாங்க. அவங்க திரும்பி வந்து உக்காரும்போது கதை அவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும். தியேட்டர்ல ஆளு உங்களத் தேடி வராங்க. இங்க நாம அவங்க வீட்டுக்குப் போயிருக்கோம்."

வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினார். ஒட்டியது சரியாக உட்காரவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இசையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒரு கிழவரின் இருமலுக்கு மேல் ஓட விட்டார். நான்காம் நாள், சின்னவர் எப்படித்தான் செய்கிறார் என்று பார்க்கப் பழைய எபிசோடுகளைத் திறந்தார். குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தார்.

ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். பூட்டுக்கடைப் பெண் தங்கையோடு சண்டை போடும் காட்சி. ஏதோ ஒன்று இடித்தது. துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்த வாரம் கதாநாயகியே படப்பிடிப்புக்கு வரவில்லை. அவள் திரும்புவது ஆறு மாதத்துக்கு முந்தைய எபிசோடிலிருந்து, அவள் பார்வை வேறொரு சண்டையிலிருந்து, அவள் மூச்சு விடுவது ஒரு சாவுக் காட்சியிலிருந்து. இல்லாத ஒருத்தியை ஐந்து நாள் வீட்டுக்குள் நடமாட விட்டிருக்கிறார் சின்னவர். மாமியாருக்குத் தெரியவில்லை. முடிதிருத்துபவருக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருட அனுபவம் உள்ள தனக்கே, பிரித்துப் போட்டால்தான் தெரிகிறது.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். இதுவரை அவர் எரிச்சல்பட்டது சின்னவருக்குக் கிடைத்த பெயரைப் பார்த்து. பெயர் அதிர்ஷ்டத்தில் வருவது, அதைத் தாங்கிக்கொள்ளலாம். இப்போது எரிந்தது அந்தக் கையைப் பார்த்து. அது வேறு மாதிரி எரிந்தது, ஆழத்தில். அன்று மாலை அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன்பிறகு வேலை பிடிபட்டது. ஒன்பதாம் நாள் வந்த காட்சியைப் பார்த்ததும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா திரும்பி வருகிறார். வயதாகிவிட்டது. தன் மகளின் கடை என்று தெரியாமல், ஒரு சாவிக்கு மறுசாவி செய்யக் கொடுக்கிறார். அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிடுகிறது. அவள் சொல்லவில்லை. அரத்தை எடுத்துச் சாவியை ராவுகிறாள்.

பெரியவர் இசையை முழுக்க எடுத்துவிட்டார். யார் முகத்தையும் மூன்று தடவை காட்டவில்லை. ஐம்பது நொடி, அரத்தின் சத்தம் மட்டும். அவள் கை, அவர் செருப்பு, திரும்பவும் அவள் கை. சாவியை வாங்கிக்கொண்டு அவர் போகிறார். அவர் போன பிறகு ஆடி நிற்கும் கதவு.

இயக்குநர் அம்மா இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். "சார், சத்தமே இல்லையேன்னு சேனல்ல கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அடுப்ப அணைக்கப் போனவங்க?"

"இன்னைக்கு யாரும் போக மாட்டாங்க."

யாரும் போகவில்லை. மறுநாள் முடிதிருத்தும் கடையைத் தாண்டிப் போகும்போது உள்ளே நாலு பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் செருப்பு வாரை இரண்டு முறை சரிசெய்துகொண்டு நின்று கேட்டார். "அந்த எடிட்டர் கைக்கு மோதிரம் போடணும்யா" என்றார் கடைக்காரர். மோதிரம் யார் கைக்கு என்பதில் பெரியவருக்குச் சந்தேகமே இல்லை. அது சின்னவர் கைக்கு. தான் செய்த வேலைக்கு இன்னொருவர் வாங்கும் பாராட்டைக் கேட்டுப் பொறாமைப்படும் நிலைமை, உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அந்த ஞாயிறு மதியம் சின்னவர் இளைத்துப்போய், வயிற்றில் ஒரு கையை வைத்தபடி சாப்பிட வந்தார். மாமியார் உட்காரக்கூட விடவில்லை.

"நீங்க மனுஷனே இல்ல மாப்பிள்ளை! அந்தச் சாவி ராவுற இடத்துல நான் வாய்விட்டு அழுதுட்டேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எப்படிப் பண்ணீங்க?"

"அது நான் பண்ணல அத்தை. அண்ணன் பண்ணது."

மாமியார் பெரியவரைப் பார்த்தார், சின்னவரைப் பார்த்தார், பிறகு கன்னத்தில் கை வைத்தார். "பாத்தியாடி இந்த மனச! கிடைச்ச பேர எடுத்து அண்ணனுக்குக் குடுக்குறத! அவருதான் சீரியல்ல கை வச்சா சோப்பு போடணும்னாரே, அவரா பண்ணுவாரு?"

மனைவி பெரியவரைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டாள். பெரியவர் மெல்லத் தலையசைத்து மறுத்தார். அந்த ஐம்பது நொடியை ஒப்புக்கொண்டால் பத்து நாளையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சின்னவர் சாவகாசமாகத் தண்ணீர் குடித்தார். "ஒரு இடம்தான் எனக்குச் சரியாப் படல. கடைசியில கதவக் காட்டியிருக்கக் கூடாது. அவ கையிலயே முடிச்சிருக்கணும். கதவு கொஞ்சம் பழைய வழி. யாரு வேணா கதவக் காட்டலாம்."

"என்னது?" என்றார் பெரியவர்.

"கையில முடிச்சிருந்தா இன்னும் நின்னிருக்கும்."

"கையில எப்படிய்யா முடிக்கிறது? அந்த ஷாட்ல கேமரா ஆடுது! நாலாவது நொடியில அவ உள்ளங்கையில மைக்கோட நிழல் விழுது! பன்னெண்டு தடவ போட்டுப் பாத்தேன்! கையில முடிச்சா அது அவளோட சோகம் மட்டும்தான். கதவுல முடிச்சாத்தான் அவரு மறுபடியும் போயிட்டாருங்கிறது வருது! பழைய வழியாம்! சாயங்காலம் நாலு மணிக்குள்ள வேற வழி கண்டுபிடிச்சுக் காட்டு பாப்போம்!"

கரண்டி அவர் கையிலேயே இருந்தது. சின்னவர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். சிரிப்பை அடக்கினால் தையல் வலிக்கிறது, அடக்காவிட்டாலும் வலிக்கிறது.

"அப்போ நெஜமாவே நீங்கதானா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை."

"பத்து நாளுமா?"

"பத்து நாளும்."

மாமியார் அவர் பக்கம் திரும்பினார். கண்ணில் திரும்பவும் தண்ணீர் கோத்தது. பெரியவர் பாராட்டுக்காக நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதான் முதல் நாலு நாள் அவ்வளவு சொதப்பலா இருந்துச்சா! அந்தக் கிழவர் இருமும்போது பாட்டு போட்டது நீங்களா?"

மனைவிதான் முதலில் சிரித்தாள். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் பெரியவரும் சிரித்தார், பாதி மனசோடு.

கதாநாயகனின் தாடி ஒருவழியாக இறங்கி, பெரியவர் சினிமாவுக்குத் திரும்பினார். ஆனால் மாதத்தில் இரண்டு எபிசோடு இப்போது அவருடையவை. சின்னவர் கேட்டார், இவர் ஒரு வாரம் பிகு செய்துகொண்டு ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு நாளும் அறையில் அண்ணனும் தம்பியும் போடும் சண்டை கீழ்மாடிவரை கேட்கும். எது பெரிது, சினிமாவா தொடரா என்று இப்போது யாராவது கேட்டால், பெரியவர் முன்போல வாய் நிறையப் பேசுவதில்லை. "ரெண்டும் வேற வேற வேலை" என்று முடித்துக்கொள்கிறார்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. மற்ற நாட்களில், சின்னவர் வெட்டிய எபிசோடு ஓடும்போது பெரியவர் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். திடீரென்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் தட்டுகிறார்.

"என்னங்க ஆச்சு?" என்கிறாள் மனைவி, கதையில் ஏதோ நடந்துவிட்டதோ என்று.

"ஒண்ணுமில்ல" என்கிறார். "பாவி, எங்க வெட்டினான்னே தெரியல."