ஆயாவின் மேல் எனக்கிருந்த பொறாமை

பக்கவாதம் வந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு அப்பா சொன்ன முதல் வார்த்தை என் பெயர் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூர் வீட்டின் முன்னறையில், கஞ்சி வாயோரம் வழிய அவர் சொன்னது "ஆயா" என்று. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தினமும் வங்கியிலிருந்து வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். அம்மா போன பிறகு எனக்கு அவரும் அவருக்கு நானும் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்கறதுதான்" என்றார் டாக்டர். யார் பார்த்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் சொல்லிக் கிடைத்தவள்தான் ஆயா. நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே வருவாள். நர்ஸ் படிப்பெல்லாம் இல்லை. எங்கோ சில வருஷம் வார்டு வேலை பார்த்தவள். முதல் நாளே அப்பாவை "நைனா" என்றாள். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் அப்பா. அவர் முன்னால் யாரும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "இன்னா நைனா, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? வாயத் தொற" என்பாள். திறப்பார். நான் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். அவளிடம் கோணிய வாயால் சிரிக்கக்கூடச் செய்தார்.

அதற்குப் பொறாமை என்று அன்று நான் பெயர் வைக்கவில்லை. வெற்றிலை போடுகிறாள், அப்பாவை ஒருமையில் பேசுகிறாள் என்று குறைகளைச் சேர்த்துக்கொண்டேன். அவர் "ஆயா" என்று சொன்ன வாரமே, "இனிமே நானே பாத்துக்கறேன், நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றேன். அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா பொரட்டிப் போடும்மா. மறந்துடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தி.நகர் கிளையில் மேலாளர் என் விடுப்புப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா லீவ் இருக்கு, பிரசவத்துக்கு இருக்கு. அப்பாவப் பாத்துக்கன்னு ஒண்ணும் இல்லையேம்மா." சம்பளமில்லாமல் ஒரு மாதம் எழுதிக்கொடுத்தேன். அந்த மாதம் முழுக்க அப்பா எனக்கே எனக்கு என்று மனசுக்குள் எழுந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கூசுகிறது.

என்னால் அவரைப் புரட்ட முடியவில்லை. கையை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. கொடுத்தாலும், மகள் தொடுகிறாளே என்ற கூச்சத்தில் உடம்பை விறைத்துக்கொள்வார். தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன். பன்னிரண்டாம் நாள் வேட்டி மாற்றும்போது இடுப்புக்குக் கீழே புண்ணைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருந்தது. வீட்டுக்கு வந்த டாக்டர் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, "முன்னாடி பாத்துக்கிட்டவங்க எங்கே?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, சாலையோரம் மீன் விற்றவர்களிடம் விசாரித்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். ஆயா தன் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கிழவிக்குக் கண் தெரியாது. எங்கள் வீட்டில் ஆயா இருந்த பகல்களிலெல்லாம் அந்த அம்மாவை அடுத்த வீட்டுக்காரிதான் பார்த்துக்கொண்டாள் என்று அன்றுதான் தெரிந்தது. புண்ணைப் பற்றிச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நைனா துன்னுதா?" என்றாள்.

"இல்ல."

பின்னலை முடித்து, அடுத்த வீட்டை நோக்கிக் குரல் கொடுத்துவிட்டு என்னோடு புறப்பட்டாள்.

புண் ஆற இரண்டு மாதமாயிற்று. பொறாமை ஆறவில்லை. ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு இப்போது மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவைத் தருவார்கள். வீட்டில் படுத்தால் புரட்டிப் போட ஒரு கை தருவதாக அதில் எங்கும் எழுதியில்லை. அப்பாவுக்கு அந்தக் கை கிடைத்திருந்தது. இப்போது அவர் மேலும் எனக்குப் பொறாமை.

புண் ஆறிய அடுத்த வருஷம், மழை விடாத ஒரு காலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆயா வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்கள் என் தோளைத் தாண்டி எதையோ தேடின. வாசலை நான் மறைத்துக்கொண்டிருந்தேன். பிடித்த கையை விடாமல், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.