வியன்னா கணக்கும் ஸ்லோவேனியா கணக்கும்

இது வியன்னாவில் நடந்த கதை, எழுத்துக்கு எழுத்து உண்மை. சரி, முறைக்காதீர்கள், பாதிதான் உண்மை, மீதியை இந்த ஒயின்கடை ஊற்றிக் கொடுத்தது. ஆனால் ஓட்மார் நிஜம்.

பொருளாதார ஆய்வு நிலையத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஓட்மார் ஏழு வருஷமாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்லோவேனியாவுக்கு இவ்வளவு சரக்கு விற்றோம் என்று ஆஸ்திரியா சொல்லும். அவ்வளவு வாங்கவே இல்லை என்று ஸ்லோவேனியா சொல்லும். நடுவில் காணாமல் போகிற சரக்கை இவர் கண்டுபிடிக்க வேண்டும். எந்த நாடு வியாபாரத்தில் கெட்டி என்று வருஷா வருஷம் வரும் அறிக்கைக்கு அது வேண்டும். அவர் அறை ரொம்பச் சின்னது. கொட்டாவி விட வேண்டுமென்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

இத்தாலியில், திரியெஸ்த் துறைமுக ஊரில், அவர் காதலி மரீசா காத்திருந்தாள். அங்கே துறைமுக ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு ஒரு வேலையும் பிடித்து வைத்திருந்தாள். மாதக் கடைசி வரைதான் அது காலி. போவதற்கு இயக்குநர் ட்ஸ்வெட்லர் அம்மாவின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"டாக்டரே, இந்த வித்தியாசத்தத் தீத்துட்டுத் தாராளமாப் போங்க. நானே ரயிலேத்தி விடறேன்."

ஓட்மார் லாரி லாரியாகத் துரத்திப் போய், கடைசியில் ஸ்லோவேனியாவின் கோப்பர் துறைமுகத்தில் பிடித்தார். சரக்கு அங்கே கப்பலேறி எகிப்துக்குப் போகிறது! வியன்னா அதை ஸ்லோவேனியாவுக்கு விற்றதாக எழுதுகிறது. ஸ்லோவேனியாவோ, நம் வாசல் வழியாகப் போனதுதானே என்று எழுதாமல் விடுகிறது. கழித்துப் பார்த்தார், கடைசி ஆணிவரை ஒத்துப்போனது. அவர் மாடியேறி ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு இரண்டாம் மாடியிலேயே களைத்து நின்றுவிட்டது.

"தீந்துச்சு மேடம். கடிதத்தக் குடுங்க."

"கடிதமா? ஹோஃப்ராட் பட்டத்துக்கே உங்க பேர எழுதப்போறேன்! இந்த வித்த வேற யாருக்குத் தெரியும்? இன்னும் இருபத்தஞ்சு நாடு பாக்கி இருக்கே!"

ஹோஃப்ராட் என்றால் அரசவை ஆலோசகர். அரசவை போய் நூறு வருஷமாச்சு, பட்டம் மட்டும் போகவில்லை. அவர் கீழே இறங்குவதற்குள் காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"வணக்கம், ஹோஃப்ராட் ஐயா!"

ரொட்டிக்கடையில் வரிசை விலகி வழிவிட்டது. ஓட்மாரைப் பெற்ற அம்மா ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் மாதா கோயில் முழுக்கச் சொல்லிவிட்டார். கடிதம் இல்லாமல் வேலையை உதறிவிட்டே போகலாம், ஆனால் பட்டமும் போய்விடும். ராஜினாமா எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

மாதக் கடைசி நாள் மரீசா போன் செய்தாள்.

"எந்த ரயிலு?"

"ஒரே ஒரு துறைமுகம், மரீசா. ரோட்டர்டாம மட்டும் முடிச்சுட்டு..."

"அத முடிக்கறதுக்குள்ள உனக்குப் பல்லு கொட்டிரும். அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டாள்.

"கோழைப்பய!" என்று ஒயின்கடை மேசையைக் குத்தினாள், இதுவரை என் கதையை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த பூக்கடை டிரவுடல்.

"ஹோஃப்ராட்ட விட்டுட்டுப் போறவன்தான் கிறுக்கன்!" என்றான் டிராம் ஓட்டுகிற ஃபெர்டல். "எங்கப்பன் நாப்பது வருஷம் கும்பிடு போட்டும் கெடைக்கல."

"அப்ப உங்கப்பனும் கோழதான்!"

"எங்கப்பன இழுக்காத, சொல்லிட்டேன்!"

ஒயின் ஜாடி கவிழ்ந்தது.